கருவிழி மாற்றியபின் சொட்டு மருந்தை நாமே நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வலது கண்ணில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதம் ஆகிறது. பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. சிறுநீரகம் மாற்றிக்கொண்ட என் பெரியப்பா தினமும் கை நிறைய மாத்திரை போடுகிறார். அம்மாவுக்கோ ஸ்டீராய்டு சொட்டு மட்டும்தான், அதுவும் இப்போது நாளுக்கு ஒரு முறை. கண்ணுக்குள் நோய் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யாது என்று படித்தேன். அப்படியென்றால் அந்த ஒரு சொட்டையும் நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அறுவை செய்த மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டைக்கூடக் குறைக்காதீர்கள். நீங்கள் படித்தது பாதிதான் உண்மை. கண்ணில் நோய் எதிர்ப்பு வேலை செய்கிறது. ஆனால் அடக்கி வாசிக்கிறது. அந்த அடக்கம் எப்போது குலையும் என்று தெரிந்துகொண்டால், அம்மாவின் கண்ணை நீங்களே நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும்.

தோலில் காயம் பட்டால் வீங்கும், சீழ் பிடிக்கும், தழும்போடு ஆறும். தோலுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. கருவிழியோ நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் சிறு தழும்பு விழுந்தாலும் பார்வை மங்கும். அதன் உட்புறத்தில் ஒரே வரிசையாக எண்டோதீலியல் செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியேற்றி, அதைத் தெளிவாக வைத்திருப்பவை இவைதான். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். செத்தால் புதிதாக முளைக்காது. 500-க்குக் கீழே போனால் நீர் தேங்கிக் கருவிழி வெளுத்துப்போகும் அபாயம் உண்டு. இவ்வளவு மென்மையான இடத்தில் எதிர்ப்புப் படை முழு வேகத்தில் இறங்கினால், கிருமியோடு பார்வையும் போய்விடும்.

அதனால்தான் கண்ணுக்குப் பல அடுக்குக் காவல். ஆரோக்கியமான கருவிழியின் மையத்தில் ரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. எதிர்ப்புச் செல்கள் வந்து சேர வழியே குறைவு. உயிரியல் ஆய்வாளர் பீட்டர் மெடாவர் 1948-இல் முயலின் கண்ணின் முன்னறையில் (கருவிழிக்குப் பின்னால் நீர் நிறைந்த இடம்) வேறொரு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். ரத்தக் குழாய் எட்டாதவரை அந்தத் தோல் பிழைத்திருந்தது.

அந்தத் தோல் பிழைத்ததற்கு, எதிர்ப்புச் செல்கள் வர வழி இல்லாததுதான் காரணம் என்றே பல காலம் நினைத்தார்கள். 1970-களில் கேப்லன், ஸ்ட்ரைலின் என்ற ஆய்வாளர்களின் ஆய்வுகள் அதற்கு மேலும் ஒன்று இருப்பதைக் காட்டின. கண்ணுக்குள் புகுந்த அந்நியப் பொருளைப் பற்றிய செய்தி உடலுக்குப் போகத்தான் செய்கிறது. எலிகளில் அது மண்ணீரலுக்குப் போய், ‘இதைத் தாக்காதே’ என்று மற்ற செல்களைத் தடுக்கும் டி செல்களை (ஒருவகை வெள்ளை அணுக்கள்) உருவாக்குகிறது. மண்ணீரலை எடுத்துவிட்டால் இந்தப் பொறுமை உருவாவதில்லை. இது போக, கண்ணின் முன்னறை நீரில் அழற்சியை அடக்கும் டிஜிஎஃப் பீட்டா போன்ற புரதங்கள் இருக்கின்றன. கருவிழிச் செல்களின் மேல் ஃபாஸ் லைகண்ட் என்ற புரதம் உண்டு. தாக்க வரும் செல் அதில் பட்டால் தானே மடிந்துபோகும். எனக்கு இன்றும் வியப்பு தரும் ஏற்பாடு இது.

எதிர்ப்புச் சக்தியை அடக்கப் பெரியப்பா போடும் மாத்திரைகளிலிருந்து இத்தனையும் சேர்ந்துதான் உங்கள் அம்மாவைக் காப்பாற்றுகிறது. திசுப் பொருத்தம் பார்க்காமலேயே பெரும்பாலான கருவிழி மாற்றுகள் நடப்பதும் இதனால்தான்.

ஆனால் இந்தக் காவல் குலையக்கூடியது. கருவிழிக்குள் ரத்தக் குழாய்கள் வளர்ந்தாலோ, தையல் தளர்ந்து உறுத்தினாலோ, ஹெர்பிஸ் போன்ற தொற்று திரும்பி வந்தாலோ, எதிர்ப்புச் செல்களுக்கு வழி திறந்துவிடும். அவை மாற்றுக் கருவிழியைத் தாக்குவதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். முன்பு ஒரு மாற்றுக் கருவிழியை நிராகரித்த கண்ணுக்கும், ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே படர்ந்த கண்ணுக்கும் ஆபத்து கூடுதல். அவர்களில் சிலருக்கு மாத்திரையும் தேவைப்படலாம். எண்டோதீலியல் செல்கள் உள்ள உட்படலத்தை மட்டும் மாற்றும் நவீன முறைகளில், முழுக் கருவிழியையும் மாற்றுவதைவிட நிராகரிப்பு குறைவு. அம்மாவுக்கு எந்த முறை என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், பல வருடம் கழித்தும் நிராகரிப்பு வரலாம். ‘எட்டு மாதம் தாண்டிவிட்டதே’ என்பது நிறுத்துவதற்குக் காரணம் ஆகாது.

ஸ்டீராய்டு சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றலாம், புரை வளர்க்கலாம் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் அவ்வப்போது அழுத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். அழுத்தம் ஏறினால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது அழுத்தத்துக்குத் தனிச் சொட்டு தருவார். திடீரென்று நிறுத்துவது அதற்கு வழியல்ல.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பிரட்னிசலோன் அசிடேட் சொட்டாக இருந்தால், மருந்து குப்பியின் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் விட வேண்டும். குலுக்காமல் விட்டால் மருந்தின் அளவு குறைந்துபோகும். வேறு சொட்டும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள காலண்டர் எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால், வலது கண் மங்குவதை நல்ல கண் மறைத்துவிடும். நிராகரிப்பு வலியோடுதான் வரும் என்று காத்திருக்கக் கூடாது. பலருக்கு வலியே இருக்காது. கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வலித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காலையில் எழுந்ததும் மங்கலாக இருந்து போகப்போகத் தெளிவதும் உட்படலச் செல்கள் தளர்வதன் அடையாளமாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.

சீக்கிரம் பிடித்துவிட்டால், சொட்டை அடிக்கடி விட்டே பல நேரம் நிராகரிப்பை அடக்கிவிட முடியும். நாள் தள்ளினால் ஒவ்வொரு நாளும் திரும்ப வராத செல்கள் அழிந்துகொண்டிருக்கும். கடையில் போய்ச் சிவப்புக்கு ஏதாவது சொட்டு வாங்கி விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், மாற்றுக் கருவிழி இருப்பதை அம்மா முதலிலேயே சொல்லட்டும்.