ஐந்து வயது இரண்டு வயதான கதை

அன்பின் சகோதரிக்கு,

மகிந்த, கோட்டாபய ஆட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், கிழக்கின் தொல்பொருள் செயலணி பற்றியெல்லாம் நீங்கள் சொல்வதோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் போன கட்டுரையில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக வெளிநாடு போகக்கூடாது என்ற 2013ஆம் ஆண்டு விதியையும் 'பழைமைவாத அரசின் பெண் விரோதம்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வெளிநாடு போக விண்ணப்பிக்கும் பெண்களின் குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுவதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவன். தாய் குவைத்தில், தகப்பன் குடியில், பிள்ளைகள் அம்மம்மாவின் கையில். பத்து வயதுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். மூதூர்ப் பிள்ளை ரிசானாவுக்கு நடந்த அநியாயத்துக்குப் பிறகு வந்த விதி அது. அந்த அரசு செய்த ஒரு நல்ல காரியத்தைக்கூட ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வராதா? இடதுசாரிப் பெண்ணியம் என்றால் குடும்பமே வேண்டாம் என்பதா? இப்போது உங்கள் ஆட்கள்தானே ஆட்சியில் இருக்கிறார்கள், இன்னும் ஏன் பழைய ஆட்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

த. சி., உவர்மலை, திருகோணமலை

அன்பின் ஐயா,

நீங்கள் கண்ட பிள்ளைகளை நான் மறுக்கப்போவதில்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் உள்ள எவருக்கும் அந்த வீடுகளைத் தெரியும். என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் 'கலாசாரம்' என்ற ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நீங்கள் ஏறி இறங்கிய வீடுகளைச் சொல்லிக் கேட்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

ரிசானா நபீக் விசயத்தை முதலில் பார்ப்போம். சுனாமி அடித்து ஆறு மாதம்கூட ஆகாத 2005ஆம் ஆண்டு மே மாதம், சவூதி அரேபியாவில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களிலேயே, அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்துபோனது. பிறப்புச் சான்றிதழின்படி அப்போது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைக் கொலை என்று சொல்லி 2007இல் ரிசானாவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டுக்கான வழக்கறிஞர் செலவுக்கு ஹொங்கொங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு காசு சேர்க்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலையை வெட்டினார்கள். கொழும்பில் நாடாளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது.

இப்போது அந்த விதியை எடுத்துப் பாருங்கள். ரிசானா யாருடைய தாய்? அவரே ஒரு பிள்ளை. அவரை அழித்தவை பொய் வயதும், ஆள் அனுப்புகிறவர்களின் தொழிலும், பிள்ளை வளர்க்கத் தெரியாத சிறுமியிடம் கைக்குழந்தையைக் கொடுத்த வேலையும், வழக்குக்குக் கைகொடுக்காத அரசும். குறைந்தபட்ச வயதைச் சவூதிக்கு 25 என்று உயர்த்தினார்கள், சரி, அதையாவது அவருடைய கதையோடு பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கும் ரிசானாவுக்கும் என்ன சம்பந்தம்? உண்மையில் அந்த யோசனை பழையது. 2007இலேயே அதே மகிந்த அரசின் அமைச்சரவை அதற்குச் சம்மதம் கொடுத்து, பெண்கள் அமைப்புகள் எதிர்த்ததால் கிடப்பில் போட்டது. மூதூர்ச் சிறுமியின் சாவு, கிடப்பில் கிடந்ததை வெளியே எடுக்க ஒரு வாய்ப்பாகிப் போனது. அந்த நேரத்தில் மகளிர் விவகார அமைச்சராக இருந்தவரும் ஓர் ஆண்தான், திஸ்ஸ கரலியத்த. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

நீங்கள் எழுதிய அறிக்கையில் தாய்க்குத்தான் கேள்வி. பிள்ளையை யார் பார்ப்பார், அவருக்கு எத்தனை வயது, கணவன் சம்மதித்துக் கையொப்பம் வைத்தாரா. கட்டாருக்கு மேசன் வேலைக்குப் போகிற தகப்பனிடம் இதில் ஒன்றையும் யாரும் கேட்டதில்லை. அவருக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கலாம். அவர் போவது உழைப்பு, தாய் போவது பிள்ளையைக் கைவிடுவது.

தோப்பூர்ப் பெண் ஒருவரோடு ஒருமுறை ஒரு பிரதேச செயலகத்துக்குப் போயிருந்தேன். எது என்பது வேண்டாம். மூன்றரை வயது மகன் வாங்கில் ஏறி நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவன் பொத்துவில் பக்கம் இன்னொரு குடும்பமாகிவிட்டார், தொலைபேசி எடுப்பதில்லை. உம்மா கூடவே வந்திருந்தார், பிள்ளையைத் தான் பார்ப்பதாகச் சொல்லிப் பெருவிரலை முன்கூட்டியே நீட்டிக்கொண்டு. அங்கே இருந்த உத்தியோகத்தர் கெட்டவர் இல்லை. கதிரை எடுத்துப் போட்டார், மெதுவாகத்தான் கதைத்தார். பிள்ளைக்கு ஐந்து ஆகவில்லை, ஒன்றும் செய்ய முடியாது, கணவனின் கையெழுத்தும் இல்லை, ஒன்றரை வருடம் பொறுத்து வாருங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு கம்பனிகளில் நுண்கடன். "லோனுக்கு வாறவன் புள்ளைக்கு எத்தின வயசெண்டு கேட்டுட்டா சேர் காசு கேக்கான்?" என்றார். உத்தியோகத்தரிடம் அதற்கு மறுமொழி இல்லை. கொஞ்ச நாளில் அந்தப் பெண் சப் ஏஜென்ட் ஒருவனைப் பிடித்து விசிட் விசாவில் துபாய் போய்விட்டார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை, அதனால் காப்புறுதியும் இல்லை. அங்கே ஏதாவது நடந்தால் எங்கே போய்க் கேட்பது? பிள்ளை அதே அம்மம்மாவிடம்தான் வளர்ந்தது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு அதே வீடு, அதே அம்மம்மா. தாயின் பாதுகாப்பு மட்டும் குறைந்தது.

இனி 'நல்ல காரியம்' என்றீர்களே, அதற்கு வருகிறேன். தாயும் பிள்ளையும் பிரியக்கூடாது என்று ஓர் அரசு உண்மையாகவே நினைத்தால் என்ன செய்யும்? மூதூரில் ஒரு பெண் மாதம் முழுக்க வேலை செய்து குடும்பம் நடத்தக்கூடிய சம்பளத்துக்கு வழி பார்க்கும். பகலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் கட்டும். முன்பள்ளி ஆசிரியைக்குக் கையில் கிடைப்பது சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு என்ற நிலையை மாற்றும். இல்லாவிட்டால், "ஐந்து வயது வரை வீட்டிலேயே இரு, இந்தா அதற்கான காசு" என்றாவது சொல்லும். அந்த அரசு இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கைக்குக் கடதாசிச் செலவுதான்.

காசே இல்லாத அரசு, பாவம், என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். தாய்மைக்கென்று அந்த அரசிடம் காசு இருந்தது ஐயா. 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், மூன்றாவது பிள்ளை பெறும் படையினருக்கும் பொலிசாருக்கும் ஓர் இலட்சம் ரூபா அறிவித்தார்கள். அதே காலத்தில் தனியார் துறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் 84 நாள் பிரசவ விடுமுறை, மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் 84 என்று திருத்தியது 2018இல்தான். சிப்பாயின் மூன்றாவது பிள்ளைக்கு இலட்ச ரூபா, ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் மூன்றாவது பிள்ளைக்குப் பாதி விடுமுறை, தோப்பூர்ப் பெண்ணின் பிள்ளைக்கு ஒரு தடை. அந்த அரசு 'தாய்' என்று சொல்லும்போது யாரை நினைத்தது என்பது இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

இடதுசாரிகளைக் குத்திக் காட்டினீர்கள். குத்த வேண்டிய இடம் இருக்கிறது, நானே காட்டுகிறேன். 2013இல் அந்த அமைச்சரவையில் திஸ்ஸ விதாரண இருந்தார், டியூ குணசேகர இருந்தார், வாசுதேவ நாணயக்கார இருந்தார். சமசமாஜமும் கம்யூனிஸ்டும் ஒன்றாக உட்கார்ந்திருந்த மேசை அது. வீட்டு வேலை செய்கிற பெண்ணைத் தொழிலாளி என்று நினைத்திருந்தால், அவருடைய உழைப்பை இப்படித் தடுக்கும் விதிக்கு அங்கேயே சத்தம் போட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் தொழில்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபைகளுக்குள் வீட்டுப் பணிப்பெண் வருவதில்லை. எட்டு மணிநேர வேலைக்காகப் போராடிய கட்சிக்காரர்களின் வீடுகளிலும் அடுப்படியில் ஒரு பிள்ளை நின்றிருக்கும், மணி பார்த்தா வேலை வாங்கியிருப்பார்கள்? பழைய இடதின் மேல் எனக்குள்ள கோபம் இதுதான்.

தமிழ்ப் பக்கமும் ஒன்றும் குறைந்ததில்லை. 2018இல் நமது நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் அபாயா போடக்கூடாது, சேலைதான் கட்ட வேண்டும் என்று வாசலில் நின்றவர்கள் நம்மவர்கள். பெண் எதை உடுக்க வேண்டும் என்று சொல்ல மட்டும் எல்லா இனத்து ஆண்களும் ஒரே கட்சி. அதைப் பற்றி அப்போதே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன், திரும்பவும் தொடங்கவில்லை.

அப்புறம் 2022. உங்கள் கடிதத்தில் இந்த ஆண்டு வரவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். 2020இல் வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பணம் 710 கோடி டொலர் அளவில் இருந்தது. வங்கியில் டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள், சனம் கூடுதல் விலை தரும் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பத் தொடங்கியது. 2022இல் வங்கி வழியாக வந்தது 380 கோடி டொலர்கூட இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். டொலர் 360 ரூபா. இங்கே மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஜூன் மாதக் கடைசியில், கோட்டாபய இன்னும் ஜனாதிபதியாக இருக்கும்போதே, அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: பிள்ளைக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் தாய் போகலாம்.

ஐந்து எப்படி இரண்டானது? பிள்ளை வளர்ப்பு பற்றி யாராவது புதிதாக ஏதாவது கண்டுபிடித்தார்களா? மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்களா? டொலர் முடிந்தது, அவ்வளவுதான். ஒன்பது வருடமாக எந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி உங்களை வீடு வீடாக அனுப்பினார்களோ, அந்தப் பிள்ளைக்குத் தாய் தேவைப்படும் காலத்தில் மூன்று வருடத்தை ஒரு கூட்டத்தில் கழித்துவிட்டார்கள். விதி தளர்ந்தது பெண்களுக்கு நல்லதுதான், அதை எதிர்க்க மாட்டேன். ஆனால் அது தளர்ந்த விதத்தைப் பார்த்த பிறகும், 2013இல் அவர்கள் பிள்ளைக்காகத்தான் செய்தார்கள் என்று எப்படி நம்புவது? டொலர் இருக்கும்போது குடும்ப மானத்துக்காகப் பெண்ணை உள்ளே வைத்தார்கள், டொலர் இல்லாதபோது திறைசேரிக்காக வெளியே அனுப்பினார்கள். இரண்டு முறையும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. பழைமைவாத அரசு என்று நான் எழுதுவது இதைத்தான். குடும்பத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசும், குடும்பத்துக்கான செலவைப் பெண்ணின் தலையில் போடும்.

குடும்பம் வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும். பிள்ளை பெறுவதையும் வளர்ப்பதையும் ஒருத்தியின் சம்பளமில்லாத வேலையாக வைத்துக்கொண்டு, அதற்குப் புனிதம் என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு ஒத்துவராது. நீங்கள் கண்ட அந்தப் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தாய் போனதும் தம்பிக்குச் சோறூட்டும் வேலை தகப்பனிடம் போகவில்லை, நேராக அடுத்த பெண்ணிடம் போனது. அவளுக்குப் பத்து வயதுதான் என்பதுகூடத் தடையாக இருக்கவில்லை. தகப்பன் அந்த வீட்டில்தானே இருந்தார்? அந்த அறிக்கையில் தாயின் பெயருக்கு எதிரே ஏதோ எழுதியிருப்பீர்கள். தகப்பனின் பெயருக்கு எதிரே என்ன எழுதினீர்கள் என்று அறிய ஆசை.

கடைசியாக, 'உங்கள் ஆட்கள்'. தேசிய மக்கள் சக்திக்கு நான் அங்கத்தவர் இல்லை, 2024இல் அவர்கள் வந்தபோது சந்தோசப்பட்டவள், அதை மறைக்கவில்லை. 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் முன்பு 12 பெண்கள், இப்போது அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஹரிணி அமரசூரிய பிரதமர். நல்லது. ஆனால் கருக்கலைப்பை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப் பிரிவு அப்படியேதான் கிடக்கிறது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி முஸ்லிம் பெண்கள் எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள். பழைய அரசிடம் கேட்டதையெல்லாம் இவர்களிடமும் கேட்பேன். பழையதை ஏன் கிளறுகிறேன் என்றால், அந்த ஆட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் போட்ட படிவங்கள் அலுவலகங்களில்தான் இருக்கின்றன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விதியைப் பற்றிக் கொழும்பில் எழுதப்பட்ட அறிக்கைகள் நிறைய. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போன ஒருவர் எழுதியதை நான் வாசித்ததில்லை. நீங்கள் 'முடியாது' என்று திருப்பி அனுப்பிய பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும், சின்ன ஊர்தானே. யார் எந்த வழியால் போனார், யார் போகாமல் இருந்து எப்படிக் கடன் கட்டினார், எந்தப் பிள்ளை படித்தது. ஊரும் பெயரும் இல்லாமல் எழுதி அனுப்புங்கள். எனக்கு எதிராக இருந்தாலும் ஒரு சொல் வெட்டாமல் இங்கே போடுகிறேன்.