ஓகுனுக்குக் கள், ஒபாடாலாவுக்குத் தண்ணீர்

கேள்வி: ஆப்பிரிக்க ஆன்மிகத்தில் எதிரெதிர் சக்திகளுக்கு இடையே சமநிலை காண்பது பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன? இன்றைய வாழ்க்கைக்கு ஒத்துவருமா?

ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே ஆன்மிகம் கிடையாது. வேலை நிமித்தம் நைஜீரியாவின் லேகோஸ் நகரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால், எனக்குக் கொஞ்சம் பழக்கமான யொருபா மரபை மட்டும் வைத்துச் சொல்கிறேன். தென்மேற்கு நைஜீரியாவும் அதை ஒட்டிய பெனின் நாட்டுப் பகுதிகளும் யொருபா மக்களின் மண். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களோடு கடல் தாண்டிய இந்த வழிபாடு, கியூபாவிலும் பிரேசிலிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அங்கே தெய்வங்களை நல்லவை, கெட்டவை என்று பிரித்து வைக்கவில்லை. சூடான தெய்வங்கள் உண்டு, குளிர்ந்த தெய்வங்கள் உண்டு. வாழ இரண்டு பேரும் வேண்டும்.

ஓகுன் இரும்பின் தெய்வம். ஒரிஷாக்கள் எனப்படும் தெய்வங்கள் பூமிக்கு வந்தபோது அடர்ந்த காடு வழியை அடைத்து நின்றதாம். தன் வெட்டுக்கத்தியால் பாதை திறந்தவர் ஓகுன். அதே ஓகுன், இரே என்ற ஊரில் கள்ளும் கோபமும் தலைக்கேறித் தன் சொந்த மக்களையே வெட்டிச் சாய்க்கிறார். தெளிந்த பிறகு தாங்கமுடியாமல் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறார். வழி திறந்த கத்தியும் கொன்ற கத்தியும் ஒன்றுதான் என்பதைக் கதை மறைப்பதே இல்லை.

ஒபாடாலா அவருக்கு நேர் எதிர். வெள்ளை உடுத்தியவர், பொறுமைக்காரர், மனித உடலைக் களிமண்ணில் வனைபவர். அவரும் ஒருமுறை கள் குடித்துவிட்டு வேலையில் உட்கார, வனைந்த உடல்கள் குறையோடு வந்துவிடுகின்றன. உடல் குறையோடு பிறந்தவர்கள் அவருடைய தனிப் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது.

எண்ணெய்ப்பனையில் இறக்கும் அந்தக் கள்தான் இருவரையும் கவிழ்த்தது. அப்புறம் என்ன ஆனது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒபாடாலாவின் அடியார்கள் கள்ளைத் தொடக் கூடாது. அவருக்கு வைப்பது தெளிந்த தண்ணீர். ஓகுனுக்கோ இன்றைக்கும் கள்தான் ஊற்றுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டுப் பிரச்சினையை முடிக்கவில்லை. ஒருவருக்கு விலக்கு, இன்னொருவருக்குப் படையல். சூட்டை அழிக்கப் பார்க்காமல், அதற்கு உரியதைக் கொடுத்து, அளவு மீறும்போது குளிர்விக்கிறார்கள். நான் புரிந்துகொண்ட வரையில் சமநிலை என்பது இதுதான். ஒருமுறை அடைந்துவிட்டு ஓய்வெடுக்கும் நிலை இல்லை அது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை.

யாருக்கு எது உரியது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இஃபா என்னும் குறி பார்க்கும் முறை. பாபலாவோ என்னும் குறி சொல்பவர் 16 பனங்கொட்டைகளைக் கையில் அள்ளி, மீந்ததைப் பார்த்து மரத்தட்டில் கோடு இடுவார். 256 வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமாக ஏராளமான பாடல்கள். அந்தத் தட்டின் விளிம்பில் எஷுவின் முகம் செதுக்கியிருக்கும். முச்சந்திக்கும் சந்தைக்கும் உரிய தெய்வம் எஷு. எந்தத் தெய்வத்துக்குப் படைத்தாலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கொடுக்காவிட்டால் படையல் போய்ச் சேராது.

சரி, இன்றைய வாழ்க்கை. லேகோஸில் எங்களுக்கு வண்டி ஓட்டியவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஓகுன் பெயரை அலட்சியமாகச் சொல்ல மாட்டார். கார், லாரி, ஒர்க்‌ஷாப் எல்லாம் இரும்பு, ஆகவே ஓகுனின் பொறுப்பு. நீதிமன்றத்தில் பைபிளுக்கும் குர்ஆனுக்கும் பதிலாக இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்கிறவர்களும் நைஜீரியாவில் உண்டு. லேகோஸின் மரீனா பகுதியில் பழைய மின்வாரியத் தலைமையகத்தின் முன் நிற்பது இடித்தெய்வமான ஷாங்கோவின் சிலை, நைஜீரியச் சிற்பி பென் என்வோன்வு செய்தது. ஆக, ‘மரபா, நவீனமா’ என்று நாம் கேட்கும் கேள்வியே அங்கே பல பேருக்கு எழுவதில்லை. புதுப் பொருள் வந்தால் அது எந்தத் தெய்வத்தின் பொறுப்பு என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது எப்படி உதவியது என்றால், கோபத்தை ஒழிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டேன். ஒரு வேலையைப் பிளந்துகொண்டு முன்னே போக அந்தச் சூடு வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது அது வேண்டாம். இப்போது யாருடைய நேரம், ஓகுனுடையதா ஒபாடாலாவுடையதா என்று கேட்டுக்கொள்வது எனக்குப் பயன்படுகிறது.

ஆனால் இதைத் தனிமனித மன அமைதிக்கான உத்தியாகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தென்மேற்கு நைஜீரியாவின் ஓஷோக்போ நகரில் ஆற்றுத் தெய்வமான ஓஷுனின் புனிதத் தோப்பு இருக்கிறது, சுமார் 75 ஹெக்டேர். மரங்களும் ஆறும் தெய்வத்துக்கு உரியவை என்று ஊர் காத்ததால் பிழைத்த காடு. ஆஸ்திரியாவிலிருந்து வந்த சூசன் வெங்கர் அங்கேயே பூசாரியாகி, உள்ளூர்க் கலைஞர்களோடு சிலைகள் எழுப்பி, அழிய இருந்த தோப்பை மீட்டார். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இப்போது ஆற்றின் மேல்பகுதியில் தங்கம் தோண்டுகிறார்கள். நீர் கலங்கிப் பழுப்பாக ஓடுகிறது, குடிக்க வேண்டாம் என்று அரசே எச்சரிக்கும் நிலை. இரும்புக் கருவிக்கு மட்டும் அள்ளிக் கொடுத்து, ஓஷுனுக்கு உரியதைக் கொடுக்காமல் விட்டதன் விளைவாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். ஆகஸ்ட் விழாவுக்கு வருகிறவர்கள் இன்னமும் அந்தத் தண்ணீரைத்தான் ஓஷுன் தாயின் மருந்தாகப் புட்டியில் பிடித்துப் போகிறார்கள்.