கைட்டோசானை வீட்டில் ஆசிட் ஊற்றி உடைக்கலாமா?

கேள்வி: பயிருக்குத் தெளிக்க, லிட்டருக்கு 10 கிராம் கைட்டோசான் பவுடரை (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது) வினிகர் கலந்த தண்ணீரில் கரைத்தேன். கஞ்சிபோல ஆகி ஸ்பிரேயர் நாசில் அடைக்கிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் காய்ச்சினால் சின்ன மூலக்கூறாக உடையும் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உடையும் என்பது உண்மைதான். கைட்டோசான் ஒரு நீளச் சங்கிலி. வினிகர் அதைக் கரைக்கும், அவ்வளவுதான். கண்ணிகளை அறுக்க அடர் ஆசிடும் சூடும் வேண்டும். அந்தப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும், எவர்சில்வர் பாத்திரத்தையும் அரிக்கும். அப்புறம், அடர் ஆசிட் ஒரு லிட்டரைக் காஸ்டிக் சோடா போட்டு முறித்தால் ஏறக்குறைய 700 கிராம் உப்பு அதிலேயே தங்கும். அதைத் தெளித்தால் இலை கருகும்.

எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதும் பவுடருக்குப் பவுடர் மாறும். 95 சதவீதம் அசிட்டைல் (கண்ணிகளில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு குழு) நீக்கியது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் சீக்கிரம் உடையும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அசிட்டைல் போன இடத்தில் இருக்கும் அமினோ குழு, ஆசிடில் நேர்மின் ஏற்றம் பெறும். உடைக்க வரும் ஆசிட் துகளுக்கும் அதே ஏற்றம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் 75 சதவீதப் பவுடர் முதலில் அறுபடும், 95 சதவீதம் அடம்பிடிக்கும். அந்த எண் மூலக்கூறின் நீளத்தைச் சொல்வதே இல்லை.

அடுத்து அதே ஏஜென்ட், "தண்ணீரில் கரையும் கைட்டோசான், உடைத்தே தருகிறோம்" என்று கேனோடு வருவார். ஏமாந்துவிடாதீர்கள். நீளச் சங்கிலியையே ஆசிடோடு சேர்த்து உப்பாக்கினாலும் தண்ணீரில் கரையும். ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, சமையல் சோடாக் கரைசலை நுரை அடங்கும்வரை சேர்த்துப் பாருங்கள். ஆசிட் முறிந்ததும் நீளச் சங்கிலி கரையாமல் பிரியும். அப்படித் திரிந்த பால்போல வெள்ளையாகப் பிரிந்தால் போதுமான அளவு சின்னதாக உடைக்கவில்லை. திரியாவிட்டாலும் உடனே நம்ப வேண்டாம், வெறும் தண்ணீரும் திரியாது. மூலக்கூறு எடை (சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைக் காட்டும் எண்) போட்ட லேப் ரிப்போர்ட் கேளுங்கள். என்னிடம் வந்த பாக்கெட் ஒன்றில்கூட அந்த எடை இல்லை. விவசாயி காசு கொடுப்பதே அதற்குத்தான், அதை அச்சிட வைக்க இத்தனை வருடமாக ஆளில்லை!

சரி, உங்கள் கஞ்சியைக் கொட்ட வேண்டாம். 1 சதவீதம் என்றால் அது கெட்டியாகத்தான் இருக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம், அதிலும் திரியலாம். முதலில் ஓரத்துச் செடிகள் நாலைந்தில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.