"ஃப்ரீ" லோகோவுக்கு மூணு மாச லாபம் போயிருக்கு, இப்ப லோன் வேறயா?

கேள்வி: மேடம், நானும் என் வீட்டுக்காரரும் சின்ன அளவுல குளியல் சோப் தயாரிச்சு விக்கிறோம். ஆரம்பத்துல லோகோவை என் நாத்தனார் பையன்தான் போன்ல ஒரு ஆப் வச்சு காசு வாங்காம செஞ்சு குடுத்தான். ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை அவனே "இது பழைய ஸ்டைல்"னு சொல்லி மாத்திட்டான். ஒவ்வொரு தடவையும் லேபிள், அட்டைப்பெட்டி, போர்டுன்னு ஒன்றரை மாச லாபம் காலி, அதுவும் கிரெடிட் கார்டுல, மாசம் 3% வட்டி ஓடிட்டு இருக்கு. இப்ப அவன் சொந்தமா ஏஜென்சி ஆரம்பிச்சிருக்கான். ஃபுல் பிராண்டிங் பேக்கேஜ் பண்ணிக்கோங்க, நாலு மாச லாபம் அளவுதான் ஆகும், 12% ஃபிளாட் வட்டியில 3 வருஷ லோன் கிடைக்கும்ங்கிறான். வீட்டுக்காரரோ லோகோவே தண்டச் செலவு, நைக்கி ஷூ கம்பெனி லோகோவே 35 டாலர்தானாம்ங்கிறார். நாத்தனார் மனசும் நோகக்கூடாது. என்ன பண்றது?

பதில்: லோன் வேண்டாம், சகோதரி. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா லோகோவே தண்டம்னு உங்க வீட்டுக்காரர் சொல்றதும் சரியில்ல.

உங்க லெட்டர்ல எனக்கு உறுத்துறது லோகோ இல்ல, அதை மாத்தி மாத்தி பிரிண்ட் அடிக்கிற பழக்கம். ஒரு மாச லாபத்தை 100ன்னு வச்சுக்குவோம். ரெண்டு தடவை மாத்தினதுல 300 போச்சு. ரெண்டு வருஷத்துல நீங்க சம்பாதிச்சதே 2,400. அதாவது எட்டுல ஒரு பங்கு, உங்க சோப்பை ஒரு துளி கூட நல்லா ஆக்காம, பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு போயிருக்கு. அந்தக் கடனை கார்டுல அப்படியே உருட்டிட்டு இருந்தா மாசம் 3%ங்கறது கூட்டு வட்டியோட வருஷத்துக்கு 42%ஐ தாண்டிடும். பையன் காசு வாங்கல, நிஜம்தான், ஆனா இந்த லோகோ ஃப்ரீ இல்ல.

இப்ப அந்த பேக்கேஜ். 400 கடன், ஃபிளாட் 12%, 3 வருஷம். வட்டி மட்டும் 144, மொத்தம் 544, மாசம் 15. உங்க லாபத்துல ஏழுல ஒரு பங்குக்கு மேல மூணு வருஷத்துக்கு இதுக்கே போகும். ஃபிளாட்ங்கிற வார்த்தையை கேட்டாலே கொஞ்சம் உஷாரா இருங்க. நீங்க அசலை மாசாமாசம் குறைச்சுட்டே வருவீங்க, ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு 400க்கும் போடுவாங்க, அதனால உண்மையான வட்டி 21%க்கு மேல வரும். "பிராண்ட் ஸ்டோரி", "அனிமேட்டட் லோகோ", "சோஷியல் மீடியா கிட்"னு எவ்வளவு அடுக்கினாலும் சோப் விக்கிற உங்களுக்கு இன்னைக்கு அதுல முக்கால்வாசி தேவையில்ல.

அப்ப எது தேவை? தொழில் தெரிஞ்ச டிசைனர் ஒருத்தர்கிட்ட லோகோ மட்டும், ஒரே ஒரு தடவை. ஏன்னு சொல்றேன், உங்க தொழிலை வச்சே. ஆப்ல செஞ்ச லோகோ போன் ஸ்கிரீன்ல பளபளன்னு இருக்கும், நாலஞ்சு கலர் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு நிக்கும், இலைப் படம்னா நரம்பு கூடத் தெரியும். அதையே சோப் மேல அச்சா அழுத்திப் பாருங்க, மெல்லிசு கோடெல்லாம் மொழுகிப் போயிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் (வலை கட்டின சட்டம்), அதனால கலர் கூடக் கூட செலவும் கூடும், ஆர்டர் சின்னதா இருந்தா இன்னும் வலிக்கும். விவரம் தெரிஞ்சவர் முதல்ல கறுப்பு வெள்ளையில, ஒரே கலர்லதான் வரைவார், நகம் அளவுக்கு சுருக்கினாலும் தெரியுதான்னு பார்ப்பார், அதுக்கப்புறம்தான் கலருக்கே வருவார். ரெண்டாவது, வாட்ஸ்அப்ல அனுப்பின ஜேபெக் படத்தை போர்டு அளவுக்கு பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும், உடனே பிரிண்டர்காரர் தானே ஒண்ணு வரைவார், அது லேபிள்ல இருக்கறது மாதிரியே இருக்காது, நீங்களும் "லோகோ சரியில்ல போல"ன்னு நினைச்சு அடுத்த தடவை மாத்தக் கிளம்புவீங்க. வெக்டர் ஃபைல், அதாவது எவ்வளவு பெருசாக்கினாலும் கோடு உடையாத ஃபைல், கையில இருந்தா ஸ்டாம்ப் அளவுக்கும் அதேதான், சுவர் அளவுக்கும் அதேதான்.

மூணாவது, உரிமை சம்பந்தப்பட்டது. ஆப்ல ரெடியா இருக்கற இலை மாதிரி படம் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்ல, அதே படத்தை இன்னொரு சோப் கம்பெனியும் போட்டுக்கலாம். நாளைக்கு டிரேட்மார்க் பதிவு பண்ணப் போனா அங்க சிக்கல் வரும். சோப், அழகுசாதனப் பொருள் எல்லாம் உலகம் முழுக்க பொதுவா இருக்கற வகைப்பாட்டுல 3ஆம் வகுப்புல வரும், அந்த வகுப்புல உங்க பேரும் சின்னமும் மாதிரி வேற யாராவது பதிவு பண்ணியிருக்காங்களான்னு பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே தேடிப் பார்க்கச் சொல்லுங்க. ஏஐல நொடியில லோகோன்னு இப்ப எல்லாரும் ஓடறாங்க, மனுஷன் கை இல்லாம வந்த படத்துக்கு அமெரிக்காவுல காப்பிரைட்டே குடுக்கறதில்ல, அதையும் மனசுல வச்சுக்கோங்க.

நைக்கி கதை உண்மைதான். 1971ல கரோலின் டேவிட்சன் 35 டாலருக்கு வரைஞ்சாங்க. ஆனா அவங்க கிராபிக் டிசைன் படிச்சிட்டிருந்த மாணவி, பொழுதுபோக்குக்கு வரைஞ்சவங்க இல்ல. 1983ல அந்த கம்பெனியே கூப்பிட்டு ஷேரும் குடுத்துச்சு. முக்கியமா, 50 வருஷம் தாண்டியும் அந்த டிக் மார்க்கோட உருவத்தை அவங்க மாத்தல. உங்க வீட்டுக்காரர் 35 டாலரைப் பார்க்கிறார், நான் 50 வருஷத்தைப் பார்க்கச் சொல்றேன். மாத்தினா என்ன ஆகும்னு தெரியணும்னா டிராபிகானா ஜூஸைப் பாருங்க, 2009ல பெட்டியோட தோற்றத்தை மாத்தினாங்க, வழக்கமா வாங்கறவங்களுக்கே அடையாளம் தெரியல, ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை சுமார் 20% விழுந்து பழைய பெட்டிக்கே திரும்பினாங்க. அவ்வளவு பெரிய கம்பெனி அந்த அடியைத் தாங்கும். உங்களால தாங்க முடியாது.

டிசைனருக்கு எவ்வளவு குடுக்கலாம்? அரை மாச லாபம், அதாவது 50, அதுக்குள்ள முடிக்கப் பாருங்க. அஞ்சு வருஷம் அதே லோகோ ஓடினா அந்தக் காலத்து லாபம் 6,000, அதுல 50ங்கறது 100க்கு 1 கூட இல்ல. மூணு பேர்கிட்ட பழைய வேலை காட்டச் சொல்லி ரேட் கேளுங்க. வெக்டர் ஃபைல் (எஸ்விஜி இல்லன்னா ஈபிஎஸ் வகை), ஒரே கலர் வடிவம், கலர் நம்பர், எழுத்துரு பேரு, எத்தனை தடவை திருத்தித் தருவார், எல்லாம் எழுத்துல இருக்கட்டும். காப்பிரைட்டை உங்க பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்தும் வாங்கிடுங்க, பல நாடுகள்ல அது இல்லன்னா காசு நீங்க குடுத்திருந்தாலும் உரிமை வரைஞ்சவர்கிட்டயேதான் நிக்கும்.

நாத்தனார் விஷயம். அதை நீங்க பேசாதீங்க, உங்க வீட்டுக்காரர் பேசட்டும், அவர் கூடப் பிறந்தவங்கதானே. "லோன் போடற நிலைமையில இல்லக்கா"ன்னு ஒரே வரி போதும், பையன் வேலை நல்லாயில்லன்னு பேச்சே எடுக்க வேண்டாம். பையனுக்கும் இப்பதான் தொழில், முதல் கஸ்டமரா சொந்தக்காரங்களைத் தேடறான், அதுல தப்பில்ல. சோப்பை போட்டோ எடுக்கறது, பேஜ்ல போஸ்ட் போடறதுன்னு சின்னச் சின்ன வேலையா குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் பில் வாங்கி அப்பப்பவே காசு குடுத்துடுங்க. லோகோவை மட்டும் அவன் கையில குடுக்காதீங்க.

முதல்ல கார்டு கடனை முடிங்க, அது முடியற வரைக்கும் புதுசா எதுவும் அடிக்க வேண்டாம். அடுத்து அந்த 50ஐ சேர்த்து, கையில இருக்கற பணத்துலயே டிசைனருக்குக் குடுங்க. புது லோகோ வந்ததும் இருக்கற பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பழைய லேபிள் தீரத் தீர புதுசை மாத்துங்க, போர்டு கடைசியில.