ரோமாபுரில சாமி சட்டமும் மனுஷ சட்டமும்: நீங்க கேட்டதுல கொஞ்சம்

ஃபாஸ்னா சாமி சட்டம், யூஸ்னா மனுஷ சட்டம், அவ்ளோதானே சார்?

பரீட்சைக்கு அது போதும். ஆனா ஃபாஸ்னு சொன்னதும் "இத செய், அத செய்யாத"னு சாமி கட்டளை போட்ட லிஸ்ட்னு நெனச்சுக்காதீங்க. "இத செஞ்சா தெய்வக் குத்தம் ஆகாது", அதுதான் ஃபாஸ். குத்தம் ஆகும்னா நெஃபாஸ். 7ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல பிஷப்பா இருந்த இசிதோர் ஒரு நல்ல உதாரணம் சொல்றாரு: அடுத்தவன் நிலத்து வழியா நடந்து போறது ஃபாஸ், ஆனா யூஸ் இல்ல. அதாவது சாமி கோச்சுக்காது, ஆனா அது உன் உரிமைன்னு சொல்லிட்டும் போக முடியாது.

நல்ல நாள் கெட்ட நாள் பாத்துதான் கோர்ட்டே நடத்துவாங்களாமே, நம்ம ராகு காலம் மாதிரியா?

கொஞ்சம் அப்படித்தான், ஆனா நம்மூர்ல ராகு காலம் பாக்கறதும் பாக்காததும் அவங்கவங்க இஷ்டம், அங்க அது சட்டம். காலண்டர்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எழுத்து இருக்கும். எஃப் (F) போட்டிருந்தா வழக்கு எடுக்கலாம், சி (C) போட்டிருந்தா மக்கள் சபையும் கூட்டலாம், என் (N) போட்டிருந்தா ப்ரீட்டர்னு சொல்ற அதிகாரி தோ, தீகோ, அத்தீகோ (தரேன், சொல்றேன், இது உன்னுதுங்கறேன்) இந்த மூணு வார்த்தைய வாயத் தொறந்து சொல்லக் கூடாது. சொல்லலன்னா கேஸ் நகராது.

எந்த நாள் எந்த எழுத்துங்கற விவரம் ரொம்ப காலம் பூசாரி சபை கையிலதான் இருந்துச்சு, கேஸ் போடணும்னா அவங்ககிட்ட போய் நிக்கணும். கி.மு. 304ல க்னேயஸ் ஃப்ளாவியஸ்னு ஒருத்தர், அடிமையா இருந்து விடுதலையான ஒருத்தரோட பையன், குமாஸ்தா வேல பாத்தவர், அந்த லிஸ்ட்ட வெள்ளப் பலகைல எழுதி ஊர் நடுவுல இருந்த ஃபோரம்ங்கற சதுக்கத்துலயே வச்சுட்டாரு. குமாஸ்தாவா இருந்தவர் அதிகாரி பதவிக்கு வந்ததே பெரிய வீட்டு ஆளுங்களுக்குப் பொறுக்கல, முக்காவாசிப் பேர் தங்க மோதிரத்தக் கழட்டி வச்சாங்கன்னு ரோமன் சரித்திரம் எழுதுன லிவி சொல்றாரு. உடம்பு சரியில்லாத சக அதிகாரியப் பாக்க இவர் போனப்ப அங்க உக்காந்திருந்த பெரிய வீட்டுப் பசங்க ஒருத்தனும் எந்திரிக்கல, இவர் அசரவே இல்ல, தன் பதவி நாற்காலிய அங்கேயே கொண்டுவரச் சொல்லி அதுல ஜம்முன்னு உக்காந்துட்டாராம். எனக்கு ரோமன் சரித்திரத்துல ரொம்பப் பிடிச்ச நாற்காலி அதுதான்!

சரி, தெரியாத்தனமா என் (N) போட்ட நாள்ல தீர்ப்பு சொல்லிட்டா அது செல்லுமா?

இதத்தான் யாராவது கேக்கணும்னு காத்துட்டு இருந்தேன். வர்ரோங்கற ரோம அறிஞர் இதுக்கு நேரா பதில் சொல்றாரு. ஆகாத நாள்ல ப்ரீட்டர் ஒரு அடிமைய விடுதலை பண்ணிட்டாருன்னு வைங்க, அந்த ஆள் விடுதலையானவன்தான், அதுல மாத்தமே இல்ல, ஆனா காரியத்துல தோஷம் ஒட்டிக்கிச்சு. ப்ரீட்டர் தெரியாம செஞ்சிருந்தா ஒரு மிருகத்த பலி கொடுத்து பரிகாரம் பண்ணிக்கலாம், தெரிஞ்சே செஞ்சிருந்தா அவருக்கு பரிகாரமே கிடையாதுன்னு சட்ட நிபுணர் குவின்டஸ் மூசியஸ் சொன்னாராம். ரெண்டு சட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து அதிகாரம் பண்ணல பாருங்க, விடுதலை ஒரு கணக்கு, தோஷம் தனிக் கணக்கு.

சாகெர்னு ஒரு தண்டனையாமே?

ஆமா. கி.மு. 451-450ல வந்த பன்னிரண்டு பலகைச் சட்டத்துல, தன்ன நம்பி இருக்கறவன ஏமாத்துற எஜமான் சாகெர் (சாமிக்குன்னு விடப்பட்டவன்) ஆகட்டும்னு இருக்கு. எல்லைக் கல்ல உழுது பேத்தவனுக்கும் இதே கதி, ஏர்ல பூட்டுன மாடுங்களும் சேத்தி (மாடு என்ன பண்ணுச்சோ பாவம்). நேந்துவிட்ட ஆடு மாதிரின்னு நெனப்பீங்க, பாதிதான் சரி. ஆட்ட வெட்டி சாமிக்குக் கொடுப்போம், இவனப் பலி கொடுக்கறது நெஃபாஸ். ஆனா யாராவது கொன்னா அது கொலைக் குத்தமும் ஆகாது. கோர்ட்டும் கைகழுவிருச்சு, பலிபீடத்துலயும் இடமில்ல.

கோயில் சொத்து யாருக்கு சொந்தம்?

யாருக்கும் இல்லங்கறாரு 2ஆம் நூற்றாண்டு சட்ட நிபுணர் கையஸ். நம்ம கோர்ட்டுல சாமியே ஓனர், அங்க கத வேற. அதே சமயம் ஒரு இடம் கோயில் ஆகணும்னா ரோம மக்களோட அனுமதி வேணும், ஆனா சமாதி ஆகறதுக்கு உங்க சொந்த நிலத்துல பொணத்தப் புதைச்சாலே போதும்.

அந்த அனுமதி விஷயத்துலதான் ரோம அரசியல்வாதி சிசரோ வீடு தப்பிச்சது. கி.மு. 58ல அவர் நாடு கடத்தப்பட்டப்ப எதிரி க்ளோடியஸ், பாலட்டைன் குன்றுல இருந்த வீட்ட இடிச்சு அங்க சுதந்திர தேவிக்கு சன்னதி கட்டிட்டான், சாமி இடம்னா திரும்ப வாங்க முடியாதுல்ல, அந்த தைரியம். அடுத்த வருஷம் சிசரோ வந்து பூசாரி சபை முன்னாடி வாதாடுனாரு. பிரதிஷ்டை பண்ணவனுக்கு மக்கள் பேர் சொல்லி அதிகாரம் கொடுக்கலன்னா இடத்தத் திருப்பிக் கொடுக்கறதுல தெய்வக் குத்தம் இல்லன்னு சபை சொல்லிருச்சு. இடிச்ச கட்டடத்துக்கு 20 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமக் காசு) நஷ்ட ஈடு வேற.

பொய் சத்தியம் பண்ணா தண்டிக்கறது சாமியா, கோர்ட்டா?

கி.பி. 15ல, செத்து சாமியாகிட்ட பழைய பேரரசர் அகஸ்டஸ் பேர்ல ஒருத்தன் பொய் சத்தியம் பண்ணிட்டான்னு அடுத்த பேரரசர் திபேரியஸ்கிட்ட புகார் போச்சு. ஜூபிடர் பேர்ல பண்ணிருந்தா எப்படியோ அதே மாதிரி வச்சுக்கோங்க, சாமிக்கு நடந்த அவமானத்த சாமி பாத்துக்கும்னு எழுதி அனுப்பிட்டாரு.