பரணில் கிடக்கும் கணினியை என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

பழைய கணினியை வீட்டைவிட்டு அனுப்புவது பற்றி வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளாகச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 2003-இல் வாங்கிய கணினி பரணில் கிடக்கிறது. எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றி நான் தட்டச்சு செய்த கட்டுரைகள் எல்லாம் அதில்தான் உள்ளன. காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். போடுவதற்கு முன் நான் கவனிக்க வேண்டியது என்ன?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

கட்டுரைகளை வெளியே எடுக்கும்வரை கணினியைப் பரணிலிருந்து இறக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைப் பேச்சு அப்புறம் இருக்கட்டும். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் நாம் தமிழைத் தட்டச்சு செய்தது பெரும்பாலும், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டில் அன்று. பாமினி, திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீடு இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் இரண்டையும் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. 2010-இல்தான் அரசு யூனிகோடுக்கு மாறியது. ஆகவே, கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு மகனின் புதிய மடிக்கணினியில் திறந்தால், உங்கள் கட்டுரை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அப்போது யாராவது முடிவுகட்டினால் நம்பாதீர்கள். எழுத்துரு இல்லை என்பதுதான் குறை.

முதலில் பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டிவிட்டு இயக்கிப் பாருங்கள். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத கணினியில் மதர்போர்டில், அதாவது முதன்மை மின்சுற்றுப் பலகையில், உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறு என்று சொல்லி நின்றால் அதே அளவுள்ள புதிய பேட்டரியை வாங்கிப் போட்டால் போதும். இயங்கினால் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். கட்டுரைக் கோப்புகளைப் படியெடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் முழுதாகப் படியெடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்த பக்கங்கள் இருந்தால், அவற்றை இன்றைய மென்பொருள்களில் திறப்பது அரிது என்பதால், அந்தக் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளுங்கள், அதற்கான வசதி அதில் இல்லையென்றால் தாளிலாவது அச்செடுத்து வையுங்கள். பி.டி.எஃப். எழுத்தின் வடிவத்தைக் காப்பாற்றும், ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. தேடவும் திருத்தவும் வேண்டுமானால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றின் வழியாக மூல உரையை யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட வேண்டும்.

கணினி இயங்காவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். மின்வழங்கியோ மதர்போர்டோ பழுதாகியிருந்தால், கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி, யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் அடாப்டர் ஒன்றைக் கொண்டு வேறொரு கணினியில் படிக்கலாம். 2003-ஆம் ஆண்டு டிஸ்க் என்றால் பெரும்பாலும் அகலமான பட்டைக் கேபிள் செருகும் ஐ.டி.இ. வகையாக இருக்கும், கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள், புதிய சாட்டா வகைக்கு மட்டுமான அடாப்டர் பொருந்தாது.

கேள்வி: பத்து ஆண்டுகளாக நடத்திவந்த பிரவுசிங் சென்டரை மூடுகிறேன். எட்டுக் கணினிகளையும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தையும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரும் பழைய கணினி வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் டெலிட் செய்து, ஃபார்மட்டும் செய்துவிட்டேன். கொடுத்துவிடலாமா?
– திருநெல்வேலி வாசகர்

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பிரவுசிங் சென்டர் கணினி என்பது ஒரு குடும்பத்தின் கணினியைவிட ஆபத்தானது. தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்தவர்களின் ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையெழுத்து என ஸ்கேன் செய்த ஒவ்வொன்றும் டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட் கோப்புறையிலோ பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை; அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோப்பை டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்போது, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவு மட்டுமே நீங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடுவதில்லை. அதுபோல, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய தரவு ஹார்டு டிஸ்கில் அப்படியே கிடக்கும். விரைவு ஃபார்மட்டும் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டால், நீங்கள் அழித்ததாக நினைத்த ஆதார் நகல்களில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நம்ப முடியாவிட்டால், கொடுப்பதற்கு முன் ஒரு கணினியில் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது, டிஸ்க் முழுவதையும் ஒருமுறை மேலெழுதுவது, அதாவது பழைய தரவின் மேல் வேறொன்றை எழுதி மறைப்பது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அமைப்புகள் பகுதியில் ‘ரீசெட்’ என்ற வசதி உண்டு. அதில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு, கூடுதல் அமைப்புகளுக்குள் சென்று ‘க்ளீன் டேட்டா’ என்பதையும் இயக்க வேண்டும். இந்த இரண்டாவது படியைத் தவறவிட்டால் முதல் படியால் பெரிய பயன் இல்லை. பழைய விண்டோஸ் உள்ள கணினிகளில், டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதும் முழு ஃபார்மட்டைச் செய்யலாம். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் இப்படித்தான் வேலை செய்கிறது, எக்ஸ்.பி.யில் அப்படியில்லை. ஆனால் விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்கை அதே விண்டோஸிலிருந்து ஃபார்மட் செய்ய முடியாது என்பதால், அதைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு டிஸ்குக்கு ஓரிரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். 35 முறை மேலெழுத வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவது 1990-களின் டிஸ்குகளை வைத்துக் கிளம்பிய பேச்சு. அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனம் 2014-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியே, ஹார்டு டிஸ்க் போன்ற காந்த வட்டுகளுக்கு ஒருமுறை மேலெழுதுவது பொதுவாகப் போதும் என்கிறது.

இடையில் வேகத்துக்காக ஹார்டு டிஸ்குக்குப் பதில், சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டிருந்தால் விஷயம் வேறு. எஸ்.எஸ்.டி. தன் சில்லுகள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காக, நாம் எழுதுவதைத் தன் விருப்பம்போல் இடம் மாற்றி எழுதும். மேலெழுதும் மென்பொருளுக்குத் தெரியாத உபரி இடமும் அதற்குள் உண்டு. ஆகவே அதற்குத் தயாரிப்பு நிறுவனமே தரும் ‘செக்யூர் எரேஸ்’ கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இத்தனை உழைப்பு வேண்டாம் என்றால், எட்டு டிஸ்குகளையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். பழைய டிஸ்குக்காக வியாபாரி தரும் விலை அற்பமானது. அந்தச் சில நூறு ரூபாயை விட்டுக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. கழற்றியவற்றை உடைக்க நினைத்தால், மடிக்கணினி டிஸ்குகளின் தட்டுகள் பலவும் கண்ணாடியால் ஆனவை, சுத்தியலால் அடித்தால் தூளாகத் தெறிக்கும் என்பதை மறக்க வேண்டாம். கண்ணுக்குக் காப்பு அணிந்து, துணியில் சுற்றிய பிறகே அடிக்க வேண்டும்.

இரண்டு செய்திகள் மிச்சம். பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் ஹார்டு டிஸ்க் உண்டு. நகலெடுத்த தாள்களின் படம் அதில் தங்கியிருக்கக்கூடும். சர்வீஸ் செய்பவரைக் கேட்டு அதையும் அழித்துவிடுங்கள். அடுத்து, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால், கணக்குகளை அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடை மூடியதும் கணக்குப் போய்விடாது. டேலி போன்ற கணக்கு மென்பொருளில் உள்ள தரவை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே டிஸ்கில் கை வையுங்கள்.

கேள்வி: தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் கணினிக்கு எடை போட்டுப் பணம் தருகிறார். மறுசுழற்சி நிறுவனத்தை அழைத்தால் அவ்வளவு தருவதில்லை, சிலர் ஒன்றுமே தருவதில்லை. காசு கொடுப்பவருக்குக் கொடுப்பதில் என்ன தவறு?
– இல்லத்தரசி, சென்னை

நேர்மையான கேள்வி. அவர் எப்படி உங்களுக்கு அதிகம் தர முடிகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பழைய இரும்புக்காரர் எதையும் எரிப்பதில்லை, அவர் மீது பழி போட வேண்டியதும் இல்லை. அவரிடமிருந்து கைமாறிப் போகும் கேபிள்களைத் திறந்தவெளியில் எரித்துச் செம்பு எடுக்கிறார்கள்; பி.வி.சி. உறை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வெளியாகிறது. மதர்போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பின், அந்த அமிலம் சாக்கடைக்குப் போகிறது. தில்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் இது ஒரு தொழிலாகவே நடந்துவருவதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். புகையையும் அமிலத்தையும் சுத்திகரிக்கச் செலவு செய்யாதவரால் கூடுதல் விலை தர முடிகிறது. வடிகட்டியும் சுத்திகரிப்பும் வைத்திருக்கும் ஆலையால் முடிவதில்லை. ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பொருளைத் தயாரித்து விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்கின்றன. அதனால் உங்கள் கணினியின் பிராண்டு நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ, பழையதைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைத் தேடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புதிய விதிகளின்படி உற்பத்தியாளர், தன் பிராண்டில் விற்கும் தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகிய நால்வருக்கே பதிவு; ‘சேகரிப்பு மையம்’ என்று பலகை வைத்திருப்பவருக்குத் தனிப் பதிவு கிடையாது. ஆகவே அப்படி ஒருவர் வந்தால், எந்தப் பதிவு பெற்ற ஆலைக்குக் கொண்டுபோகிறார் என்று கேட்டு, இரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரசீது தரத் தயங்குபவரும் பழைய இரும்புக்காரரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்.

கேள்வி: என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?
– வங்கி ஊழியர், மதுரை

வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது உண்மை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் கேட்பதால்தான் உங்கள் கணினியை விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. கணினியில் பழுது ஏதும் இல்லை. சில கணினிகளில் டி.பி.எம். இருந்தும், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அதை அணைத்து வைத்திருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் நிறுவிக்கொள்ளலாம். 4 ஜி.பி. ரேம் இருந்தால் இணையம், கடிதம், படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். பள்ளிக்கோ உறவுப் பிள்ளைக்கோ கொடுப்பதானாலும் இப்படி ஓடும் நிலையில், கீபோர்டு, மவுஸ், மின்கம்பியோடு கொடுங்கள். ஓடாத கணினியைத் தானமாகக் கொடுப்பது, குப்பையைப் பள்ளியின் பரணுக்கு மாற்றுவதுதான்.

கேள்வி: பெரிய பெட்டி மானிட்டரை யாருமே எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள். யு.பி.எஸ். பேட்டரியும் இருக்கிறது.
– திருச்சி வாசகர்

அந்தப் பெட்டி மானிட்டருக்குள் இருக்கும் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. முன்பு அந்தக் கண்ணாடி புதிய படக்குழாய் செய்யவே திரும்பிப் போனது. இப்போது படக்குழாய் செய்வார் அநேகமாக இல்லாததால் அதற்கு விலையும் இல்லை. எடுத்துக்கொள்பவர்களில் சிலர் பின்புறத்துச் செம்புச் சுருளை மட்டும் கழற்றிக்கொண்டு குழாயைக் காலி மனையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் அதைத் திறக்காதீர்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால் குழாய் உடைந்தால் கண்ணாடி தெறிக்கும், அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். கணினியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பேசுங்கள். சிறிது கட்டணம் கேட்டாலும் அது நியாயமே. யு.பி.எஸ். பேட்டரிக்குக் கவலை இல்லை. ஈயத்துக்கு நல்ல விலை உண்டு என்பதால், புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: மகளுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியின் அடிப்பாகம் உப்பியிருக்கிறது. ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்து இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தோம். வைத்துக்கொள்ளலாமா?
– திண்டுக்கல் வாசகி

2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகள் பல வீடுகளில் இப்படித்தான் பத்திரமாக இருக்கின்றன. உப்பியிருப்பது லித்தியம் பேட்டரி. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. இனி சார்ஜரைச் செருக வேண்டாம், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், பீரோவுக்குள் துணிகளுக்கிடையிலும் வைக்க வேண்டாம். கொக்கியைத் தள்ளினால் எளிதாகக் கழலும் பேட்டரி என்றால் மட்டும் கழற்றி, முனைகளின் மேல் செல்லோ டேப் ஒட்டி, மணல் போட்ட மண்சட்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். எளிதாகக் கழலாவிட்டால் நெம்ப வேண்டாம். மடிக்கணினியோடு சேர்த்தே வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைத்து, விரைவில் மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள். பேட்டரி உப்பியிருப்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மகளின் படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்கை மட்டும், பேட்டரி கழன்ற பிறகு, பழுது பார்ப்பவரிடம் சொல்லிக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.