கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் ஒரே சஃபாரி: ஒருவர் ‘பிரமாதம்’ என்கிறார், இன்னொருவர் ‘பணம் வீண்’ என்கிறார். ஏன்?

பெரும்பாலும் வண்டியும் வழிகாட்டியும்தான் காரணம், மிருகங்கள் இல்லை.

‘3 நாள் மாரா’ என்று விற்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நைரோபியிலிருந்து நாரோக் நகரம் வழியாகப் போகவே 5, 6 மணி நேரம். முதல் நாள் மாலை ஒரு சுற்று, மூன்றாம் நாள் திரும்பும் பயணம். முழுசாகக் கிடைப்பது நடுவில் ஒரு நாள்தான்.

மலிவான கூட்டுப் பயணத்தில் கூரை தூக்கும் வேனில் ஆறேழு பேர். ஒருவருக்குப் பறவை, இன்னொருவருக்குச் சிங்கம். யாருக்கும் திருப்தி இராது. ஆகஸ்டில் மழை பெய்தால் அங்குள்ள கரிசல் சேற்றில் வேன் புதையும். நாலு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர் வண்டி கேளுங்கள், ஆளுக்கொரு ஜன்னல் உறுதியா என்றும் கேளுங்கள்.

வழிகாட்டி விஷயம் இன்னும் முக்கியம். சுமாரானவர் ரேடியோவில் ‘சிம்பா’ (சிங்கம்) என்று கேட்டதும் பறப்பார். போய்ச் சேரும்போது இருபது வண்டி நிற்கும். நல்லவர் இம்பாலா மான் கூட்டம் ஒரே பக்கம் வெறித்துப் பார்ப்பதைக் கவனித்து, அங்கே வேட்டை மிருகம் இருக்கலாம் என்று எஞ்சினை அணைத்துக் காத்திருப்பார். கென்யாவில் வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் கொடுக்கிறார்கள். எந்தத் தரம் என்று முன்பே கேட்கலாம், தப்பில்லை.

பாதையை விட்டு இறங்கச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். காப்பகத்துக்குள் அது விதிமீறல். பக்கத்துத் தனியார் வனப்பகுதிகளில் அனுமதி உண்டு, இரவுச் சுற்றும் உண்டு, விலைதான் கூட.

பூங்கா நுழைவுக் கட்டணம் சேர்ந்த விலையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் வாசலில் அதைக் கட்டும்போதுதான் வரும்.